மண்டியிடாத குலம்

பறவையும் பூச்சியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவளைகள் குச்சி போன்ற கால்களில் நிமிர்ந்தே நின்றன. முழங்கால் இருந்தது, யாரும் மடக்குவதில்லை. "யார் முன்னாலும் மண்டியிடாத குலம் நம்முடையது" என்று தலைவர் பாறைமுத்து மார்தட்டிக்கொள்வார்.

ஒரு கோடையில் எல்லாக் குளங்களும் வற்றி, ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியது. அது தங்களுக்குத்தான் என்று தவளைகளும் கொக்குகளும் மல்லுக்கு நின்றன. வழக்கைத் தீர்க்க வந்த ஆமை, இரண்டு தாழம்புதர்களுக்கு நடுவே உயரமாக ஒரு காட்டுக்கொடியைக் குறுக்கே கட்டியது.

"இந்தப் புன்னைக்காயைக் கொடிக்கு மேலாக அடித்து எதிர்ப்பக்கத்துத் தரையில் வீழ்த்துங்கள். பறக்கக் கூடாது. பொழுது சாயும்போது அதிகம் வீழ்த்தியவர்களுக்குக் குளம். மற்றவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டும்."

கொக்குகளுக்கு அது விளையாட்டாகவே இருந்தது. நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி மொத்து மொத்தென்று அடித்தன. தவளைகளுக்கோ கொடியே எட்டவில்லை.

சிலம்பாயி என்ற தவளை, விறைத்த காலோடு எம்பிப் பார்த்தாள். விரலளவுகூட எழும்ப முடியவில்லை.

"பெரியப்பா, முழங்காலை மடக்கினால்தான் மேலே போக முடியும் போலிருக்கிறது" என்றாள் பாறைமுத்துவிடம்.

"கொக்கு முன்னால் மண்டியிடுவாயா? அதற்கு ஊரை விட்டே போய்விடலாம்!"

"நாம் போய்விடலாம் பெரியப்பா. தண்ணீருக்குள் நம் முட்டைகள் கிடக்கின்றனவே, அவற்றை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?"

பாறைமுத்து குளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த காய் உயரே வந்தது. சிலம்பாயி இரண்டு எட்டு ஓடி வந்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள்.

"பார், பார், மண்டியிட்டுவிட்டாள்!" என்று கொக்குகள் கெக்கலித்தன. தவளைகள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டன.

பின்னால் வீசிய கைகளை விசுக்கென்று மேலே தூக்கி, தரையை ஓங்கி உதைத்து எழும்பினாள் சிலம்பாயி. கொடி அவளுக்குக் கீழே போயிற்று. கொக்குகளின் உச்சந்தலையை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஓங்கி ஓர் அடி! காய் ஒரு கொக்கின் காலடிச் சேற்றில் புதைந்தது.

"விழுந்தது!" என்றது ஆமை.

"மடக்கு, இன்னொரு தரம் மடக்கு!" என்று எல்லாரையும் விடப் பலமாகக் கத்தியவர் பாறைமுத்துதான். பிறகு அவரும் மடக்கினார். முழங்கால் மளுக்கென்றது; ஆனாலும் எழும்பினார். அதைப் பார்த்து மற்றத் தவளைகளும் ஒவ்வொன்றாக மடக்கி எழும்பி அடித்தன. பொழுது சாய்ந்தபோது வெற்றி தவளைகள் பக்கம் இருந்தது.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பிய கொக்குகளைச் சிலம்பாயி கூப்பிட்டாள். "இந்த வெயிலில் எங்கே போவீர்கள்? கரையோரமாக நின்றுகொள்ளுங்கள். நடுத்தண்ணீர் மட்டும் எங்களுக்கு."

அக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மனிதர்கள் ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டு, தங்கள் வலையையே குறுக்கே கட்டி ஆடத் தொடங்கினார்கள்.

அன்று முதல்தான் தவளை எங்கிருந்தாலும் காலை மடக்கிக் குந்தியிருக்கிறது. வாலிபால் ஆடுகிறவர்களும் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அறைவதற்கு முன்னால், கொஞ்சமும் வெட்கப்படாமல் முழங்காலை மடக்குகிறார்கள்.