வெறும் தூளி

வடமலை எதையும் மறக்கிற ஆள் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனவனை இன்னும் பெயர் சொல்லித் திட்டுவார்.

அன்று மதியம் நெருங்கும் நேரத்தில் கையில் துணிப்பையோடு மடத்துக்கு வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார்.

"கூடவே இருந்து குழி பறிச்சவளை என்ன பண்றது சாமி?"

"யாரு?"

"செங்கமலம். பிள்ளைக்குப் பால் ஆத்தக்கூட என் காப்பகத்துலதான் கத்துக்கிட்டா. இப்ப எதிர்த் தெருவுல தனியாக் காப்பகம் தொறந்துட்டா. என் பலகையில முயல் படம் இருக்குன்னு அவ யானையே வரைஞ்சு வச்சிருக்கா. அது போகட்டும். வீடு வீடாப் போய்ப் பேசி என் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டா. அது தப்பா இல்லையா?"

"தப்புதான்," என்றார் குரு.

வடமலைக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

"பையில என்ன?"

"பூவிழியோட தூளிச் சேலை. கைக்குழந்தை சாமி. அம்மாக்காரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. அவ உடுத்துன சேலையில போட்டாத்தான் தூங்கும். அந்தப் பிள்ளையையும் அங்க கொண்டு போயிட்டாங்க."

"சேலை மட்டும் போகலையா?"

"செங்கமலம் வாசல்ல வந்து நின்னா. 'புள்ள தூங்காம அழுதுக்கிட்டே கெடக்குண்ணே, சேலையக் குடுத்துருங்க'ன்னா. எலி கடிச்சிருச்சு, தூக்கி எறிஞ்சிட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"தூங்கலேன்னா திரும்ப என்கிட்டதானே கொண்டு வரணும்." குரல் இறங்கியது. "வீட்டுல வச்சா என் சம்சாரம் எடுத்துக் குடுத்துருவா. இங்கயே இருக்கட்டும் சாமி."

குரு சேலையை வாங்கினார். நைந்துபோன ஊதாச் சேலை. அதை உத்திரத்தில் போட்டு முடிந்து தூளியாக்கினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினார்.

தூளி போய்ப் போய் வந்தது. பால் வாடை மெல்ல எழுந்தது.

வடமலை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, இரண்டு கைகளாலும் தூளியைப் பிடித்து நிறுத்தினார்.

"வெறும் தூளிய ஆட்டாதீங்க சாமி. பிள்ளைக்கு வயிறு வலிக்கும்."

"எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டார் குரு.

வடமலை தூளியைப் பிடித்த கையை விடவில்லை. வெளியே வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காப்பகங்களில் பிள்ளைகளைத் தூங்கப் போடுகிற நேரம்.