ரத்தம் ஊறிய பாகை

எபிரேயர்கள் ‘மிட்ஸ்னெஃபெத்’ என்று சொல்வது பிரதான ஆசாரியரின் பாகையை. நீளமான மெல்லிய வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றிக் கட்டி, நெற்றிப் பக்கம் நீல நாடாவால் ஒரு பொற்பட்டத்தைப் பிணைத்திருப்பார்கள். அதை அணிகிறவர் பிணத்தின் அருகே போகக் கூடாது. பெற்ற பிள்ளை செத்தாலும் துக்கத்தில் தலையைத் திறக்கக் கூடாது. ஆசாரியன் அல்லாதவன் பரிசுத்தப் பொருளைத் தொட்டால் மரணம். சட்டம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிரதான ஆசாரியர் எல்நாத்தானுக்கு அது வந்தது.

ஒரு பகல்வேளையில் எதிரிகள் ஆலய வாசலை உடைத்துப் புகுந்தார்கள். வெளிமுற்றம் முழுக்க வெட்டும் குத்தும். படிகளில் கால் வைத்தால் ரத்தம் வழுக்கியது. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டுதான் ஓட முடிந்தது. எல்நாத்தானின் இளைய மகன் யோவேதின் தொடையில் ஈட்டி பாய்ந்தது. வாசல்காவலன் அக்கூப் அவனை எல்நாத்தான் இருந்த உள்ளறைக்கு இழுத்துவந்து கதவைத் தாழிட்டான். தன் மேல்துண்டால் கட்டிப் பார்த்தான். அது கிழிந்து ஊறிப் போயிற்று. அவன் விரலிடுக்கில் ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. யோவேத் கண்ணை மூடிவிட்டான்.

“ஐயா, பாகையைத் தாருங்கள்” என்றான் அக்கூப்.

எல்நாத்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “என் பிள்ளை போய்விட்டான். பிணத்துக்கு இதைத் தர எனக்கு அதிகாரமில்லை.” கண்ணீர் தாடியை நனைத்தது, கை பாகையை விடவில்லை.

அக்கூப் அதைப் பறித்தான். பொற்பட்டம் தரையில் விழுந்தது. துணியால் தொடையை இறுக்கிக் கட்டினான், ரத்தம் அடங்கியது.

எதிரிகளை விரட்டிவிட்டு மூத்த மகன் இத்தோ பக்கவாசல் வழியே வந்தான், கையில் வாளோடு. தந்தையின் வெறுந்தலையையும், தம்பியின் தொடையில் அக்கூப் கட்டியிருந்த பாகையையும் பார்த்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு வார்த்தை கேட்காமல் அக்கூபின் கழுத்தை வெட்டிச் சாய்த்தான். பொற்பட்டத்தைத் துடைத்துத் தந்தையிடம் கொடுத்தான். பிறகு குனிந்து, தம்பியின் கட்டு நழுவாதபடி இன்னொரு முடிச்சுப் போட்டான்.

சட்டத்தைக் காத்த தந்தை, மீறிய காவலன், சட்டப்படி தண்டித்த மகன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அக்கூப் செய்ததே சரி. பிணத்திலிருந்து ரத்தம் பீறிடாது. எல்நாத்தான் ஓரடி முன்னே வந்து பார்த்திருந்தால் சட்டம் அவரைத் தடுக்கவில்லை என்பது புரிந்திருக்கும். இத்தோ பாகை தீட்டானதற்காக ஆளைக் கொன்றான். தம்பியின் தொடையிலிருந்து அதை அவிழ்க்க மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. அவன் போட்ட முடிச்சே செத்த அக்கூபுக்குச் சாட்சி. யோவேத் பிழைத்தான். கண் விழித்ததும், தனக்குக் கட்டுப் போட்டது யார் என்று கேட்டான்.