புனுகுப் பொட்டும் புழுதிக் குழியும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிக் கள்ளி வேலி. வேலியில் ஒரே ஒரு சந்து. அதுதான் வாசல்.

பொழுது சாய்ந்ததும் காட்டு உயிர்கள் எல்லாம் அங்கே கூடும். தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நேரம் முழுக்கப் பேச்சுதான். எந்த நாவல் மரத்துப் பழம் இனிக்கிறது, எந்தப் பக்கம் வேடன் கண்ணி வைத்திருக்கிறான், தவளைக்குப் பாட வருமா வராதா என்று ஒரே கூச்சல். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள்கூட மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

வாசலில் காவல், புனுகுப்பூனை மாசாணம். ரொம்ப நல்லவர். ஆனால் பார்வை மட்டம். யானையே வந்தாலும் மேலே இடித்தால்தான் தெரியும். அதனால் யார் வந்தாலும் நிறுத்துவார்.

"யாரு? எங்கே, உன் குரலைக் காட்டு!"

வந்தவர் தன் குரலில் கூவ வேண்டும். குரல் சரியாக இருந்தால் உள்ளே விடுவார். காவல் தேவைதான். வெளியே ஒரு உடும்பு சுற்றிக்கொண்டிருந்தது. அது உள்ளே நுழைந்தால் வாத்துக்குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது.

ஆனால் கௌதாரி செவத்தாளுக்கு இது பெரிய தலைவலி. அவள் காட்டுக்குள் புல்லடியில் கூடு வைத்து, முட்டையிட்டிருந்தாள். குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் கதை பேசுவாள். மனசு கேட்காமல் ஓடிப்போய் முட்டையைப் பார்ப்பாள். திரும்ப ஓடி வருவாள். வாசலில் திரும்பக் கூவ வேண்டும்.

"மாமா, இப்பத்தானே போனேன்!"

"போனது நீதான் கண்ணு. வந்ததும் நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் மூஞ்சியைப் பாருங்க!"

"மூஞ்சி எங்கே இருக்கு?"

செவத்தாள் தலையில் அடித்துக்கொண்டு, "கெக்-கெரக்-கெக்!" என்று கூவுவாள். தொண்டை வறண்டுபோகும்.

மாசாணத்துக்கும் பாவமாக இருந்தது. யோசித்தார். கண்தான் மோசம், மூக்கு நன்றாக இருக்கிறதே! வாலுக்கடியிலிருந்து கொஞ்சம் புனுகை எடுத்தார். ஆளுக்கு ஒரு இலைச்சாற்றைக் கலந்தார். செவத்தாளுக்குத் துளசி. முள்ளம்பன்றி சடையனுக்கு வேம்பு. வாசலில் ஆளாளுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"இனிமே கூவ வேண்டாம். என்னைத் தாண்டிப் போனாலே போதும். மோந்து பார்த்து, யாருன்னு நானே தெரிஞ்சுக்குவேன்!"

எல்லாருக்கும் குஷி. "மாமான்னா மாமாதான்!" என்று குதித்தார்கள்.

முயல் பேச்சி மட்டும் பின்வாங்கினாள்.

"மாமா, இந்த வாசம் வாசலோட நிக்கலையே! நேத்து சடையனுக்குச் சும்மா பூசிப் பார்த்தீங்க இல்ல? அவன் எந்த வழியா வீட்டுக்குப் போனான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"சொல்லேன்! எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று சடையன் முள்ளைச் சிலுப்பினான்.

"முதுகு பூரா முள்ளை வச்சிக்கிட்டு நீ இதுவும் பேசுவே, இன்னமும் பேசுவே. எனக்குக் கால் மட்டும்தான் இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மாசாணத்துக்கு முகம் வாடிவிட்டது.

"நான் என்ன, உங்களைக் காட்டிக் கொடுக்கவா பூசுறேன்?"

"உங்களைச் சொல்லலை மாமா. உங்க மனசு எனக்குத் தெரியாதா? ஆனா மூக்கு உங்களுக்கு மட்டுமா இருக்கு?" என்றாள் பேச்சி. "எனக்குப் பொட்டு வேண்டாம். நான் கூவிட்டே வர்றேன்."

செவத்தாள் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கௌதாரிக்கு மூக்கு பேருக்குத்தான். துளசியும் தெரியாது, புனுகும் தெரியாது. தனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு கூத்து நடந்தது. எல்லாருடைய பொட்டும் நிலைத்தது. செவத்தாளின் பொட்டு மட்டும் நிலைக்கவில்லை. முட்டையைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மாசாணம் நிறுத்தினார்.

"யாரு? குரலைக் காட்டு!"

"மாமா! இப்பத்தானே பூசினீங்க!"

"வாசமே வரலையே கண்ணு!"

"உங்க புனுகு மட்டம்! சடையனுக்கு நல்லதா பூசிட்டு எனக்கு அடிமண்டியைப் பூசுறீங்க!"

மாசாணம் பாவம், அன்றைக்கு அப்பிய அப்பில் செவத்தாளின் இறகே ஒட்டிக்கொண்டது. அப்படியும் அடுத்த முறை வாசம் இல்லை.

செவத்தாள் கோபத்தோடு குளத்தங்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். பேச்சி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏண்டி, கூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கேயாவது நிப்பியா?"

"எங்கேயும் இல்லை. புற்றுக்குப் பக்கத்துல புழுதி இருக்கே, அதுல புரண்டு குளிப்பேன். நாங்க எப்பவும் அப்படித்தான். பேன் கடிச்சா முட்டை மேல எப்படி அசையாம உட்கார்றது?"

"அட மண்டு! அந்தப் புழுதிதான் வாசத்தை எல்லாம் துடைச்சு எடுத்துடுது!"

செவத்தாளுக்கு இப்போதுதான் புரிந்தது. "அவ்வளவுதானா? அப்ப இனிமே குளிக்க மாட்டேன். பேன் கடிச்சா கடிக்கட்டும். தொண்டையாவது பிழைக்கும்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் மாசாணத்தின் குரல் கேட்டது.

"அட, துளசி வாசம்! இப்ப நல்லா வருதே! வா செவத்தா, வா கண்ணு, உள்ளே போ."

செவத்தாளின் இறகெல்லாம் சிலிர்த்தது. தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அப்படியென்றால் வாசலில் வரும் செவத்தாள் யார்?

"மாமா! நான் உள்ளே இருக்கேன்!" என்று அலறினாள்.

மாசாணம் திடுக்கிட்டார். "அப்ப இது யாரு? ஏய், குரலைக் காட்டு!"

"ஸ்ஸ்... தொண்டை கட்டியிருக்கு மாமா... ஸ்ஸ்ஸ்..."

பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து போனது. உடும்பு!

வாத்துகள் கத்திக்கொண்டு குஞ்சுகளைத் தண்ணீருக்குள் தள்ளின. சடையன் பாய்ந்து வந்து, திரும்பி நின்று, முள்ளை விரித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். உடும்பு ஒவ்வொரு அடியாக வாசல்வரை போனது. ஆனால் திமிர் குறையவில்லை.

"போறேன், போறேன். ஏ கௌதாரி, உன் வாசத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். முட்டைக்கு வாயெல்லாம் ஊறிச்சு. பாழாய்ப் போன வாசம் புற்றுப் புழுதியோட நின்னுபோச்சு! அதுக்கு அந்தாண்ட ஒண்ணும் புரியலை. சரி, கிடைச்சது போதும்னு அந்தப் புழுதியிலேயே புரண்டு, உன்னை மாதிரியே இங்கே வந்துட்டேன்."

பிறகு சடையன் பக்கம் திரும்பியது.

"உன் வேப்ப வாசம் நிக்கவே இல்லைப்பா. நேரா ஆலமரத்துப் பொந்துவரைக்கும் போகுது. உள்ளே உன் குட்டி தூங்குது. முள்ளு இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கும், இல்ல? அப்புறம் வர்றேன்!"

உடும்பு புதருக்குள் மறைந்தது. சடையனின் முள்ளெல்லாம் தளர்ந்து விழுந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்று சொன்னதெல்லாம் மறந்துபோனது. தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினான். வழியில் புற்றுப் புழுதியில் விழுந்து புரண்டான். அவன் கிளப்பிய தூசியில் காட்டுக்கே தும்மல் வந்தது. அப்புறம்தான் குட்டியைத் தூக்கி வேறு பொந்துக்கு மாற்றினான்.

செவத்தாளும் ஓடினாள். கால் கூட்டுக்குப் போ, கூட்டுக்குப் போ என்று பறந்தது. ஆனாலும் புழுதியைக் கண்டதும் நின்றாள். கழுத்துவரை மண்ணை வாரிப் போட்டுப் புரண்டாள். அதற்குப் பிறகுதான் புல்லுக்குள் நுழைந்தாள்.

முட்டைகள் அப்படியே இருந்தன. சூடு ஆறவில்லை. செவத்தாள் அவற்றின்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் குளியலையா விட்டுவிடப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை மாசாணம் வாசலில் இல்லை. கள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நான் காவல் காக்கலை, வழி காட்டியிருக்கேன். இனிமே புனுகும் வேண்டாம், எனக்கு இந்த வேலையும் வேண்டாம்."

"யாரு மாமா உங்களை விடுவா?" என்று பேச்சி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "உங்களை விட்டா, உடும்பா வந்து காவல் காக்கும்? பொட்டு தப்பில்லை. அது எங்க கூட வீடுவரைக்கும் வந்ததுதான் தப்பு. முதல் தடவை உள்ளே வரும்போது கூவுறோம், நீங்க பூசுங்க. வாசல் பக்கமே போய்ப் போய் வர்றவங்களுக்குச் சாயங்காலம் முழுக்க அது போதும். வீட்டுக்குப் போகும்போது துடைச்சிடலாம்."

"எதை வச்சுத் துடைக்க?"

"புழுதி!" என்றாள் செவத்தாள். "ஒரு குழி தோண்டலாம் மாமா. ஆனா வேலிக்கு உள்ளே தோண்டணும். வெளியே தோண்டினா அதுலயும் எவனாவது புரண்டுட்டு, என்னை மாதிரியே வந்து நிப்பான்!"

சடையன் யாரும் சொல்வதற்கு முன்பே தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

அன்றிலிருந்து மாசாணம் யாருக்கும் சும்மா பொட்டு வைப்பதில்லை. முதலில் சொல்வார். "இது புனுகு. மூக்கு இருக்கிறவன் எவனுக்கும் தெரியும். போகும்போது குழியில் புரளாம போனா வீடுவரைக்கும் வரும். பூசட்டுமா, கூவுறியா?" வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். பேச்சிகூட நொச்சிச்சாறு கலந்து ஒரு பொட்டு வாங்கிக்கொண்டாள்.

செவத்தாளுக்குப் பழைய பிழைப்புதான். ஒவ்வொரு முறையும் கூட்டுக்குத்தானே போகிறாள்? போகும்போது புரள்வாள், வரும்போது கூவுவாள். ஒரு மாலைக்கு எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவள் இப்போது அலுத்துக்கொள்வதில்லை. சில நாள் கழித்து அவள் பின்னால் ஒரு வரிசைக் குஞ்சுகள் வந்து நின்றன.

"யாரு? குரலைக் காட்டு!" என்றார் மாசாணம்.

"கெக்!" "கெக்!" "கிக்!" என்று ஆளாளுக்குக் கத்தின.

"அடேங்கப்பா! வாங்க, வாங்க, எல்லாரும் உள்ளே வாங்க!"

உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள இணையதளமும் 'குக்கி' என்று ஒரு பொட்டை உங்கள் உலாவியில் ஒட்டுகிறது. குளமானாலும் இணையதளமானாலும், உங்களை நினைவில் வைத்துக்கொள்ள யார் எதை ஒட்டினாலும், அது என்ன, எதுவரை கூட வரும் என்று கேட்டு வாங்குங்கள். வெளியே வரும்போது துடைத்துவிட்டு வாருங்கள்.