கழுவிக் கொடுத்த மெயில் பெட்டி

கீழக்கோட்டை வாடகைப் பாத்திரக்கடைக்காரர் சங்கத்துக்கு நிர்வாகிகள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று யாரும் எடை போட்டதில்லை. அவ்வளவு சின்னத் தராசு ஊரில் கிடைக்கவில்லை.

செயலாளர் தவசியாண்டிக்கு ஆறு மாதமாகத் தாடி. பக்கத்து ஊர்ச் சங்கத்தின் செயலாளர் சீனிவேல் அவருக்கு மச்சினன். கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "எங்க சங்கத்துக்குச் சொந்த மெயிலே இருக்கு. மாமாவுக்குக் கரண்டி எண்ணத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டான். அவன் தன்னிடம் வந்து கேட்டு நிற்கிற அன்றைக்குத்தான் சவரம் என்று தவசியாண்டி அன்றே முடிவு செய்துவிட்டார்.

நூற்பாலை வெள்ளிவிழாவுக்கு மூவாயிரம் நாற்காலி தேவைப்பட்டது. விண்ணப்பிக்கிற சங்கம் சொந்த முகவரியிலிருந்து மெயில் போட வேண்டும், போனில் பேசவே கூடாது என்று ஆலை அறிவித்தது.

தவசியாண்டியின் அண்ணன் மகள் குணவதிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "மும்பையில ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல நமக்குன்னு ஒரு பங்கை மாச வாடகைக்குப் பிடிச்சிருக்கேன் சித்தப்பா. அதுல மெயில் சாப்ட்வேரை ஏத்திட்டா நம்ம ஊர்லருந்தே திறந்து பாத்துக்கலாம்" என்று சொல்லி, செய்முறையை ஒரு தாளில் எழுதி அனுப்பினாள்.

"பாக்காம எப்படி வாடகைக்கு எடுக்கறது? நெளிசல் ஏற்கனவே இருந்தா நம்ம தலையில கட்டிருவானே" என்றார் பொருளாளர் பிச்சைமணி.

நெளிசல் இல்லை என்று வாடகைக்கு விட்ட மும்பைக் கம்பெனியிடம் எழுதி வாங்கின பிறகுதான் வேலை தொடங்கியது.

தாளில் இருந்த கட்டளைகளை அடித்தார்கள். 'நிறுவி முடியும் வரை எதையும் தொடக் கூடாது' என்று அடுத்த வரி. நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றார்கள். டீ வந்தது. டீக்கடைக்காரரே நாலு வாயிலும் ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்தது பாஸ்வேர்டு. 'யாரிடமும் சொல்லக் கூடாது.'

"ஒருத்தர் போட்டா மத்த மூணு பேருக்கும் சொல்லணுமே. சொல்லக் கூடாதாமே" என்றார் துணைத்தலைவர் கொண்டல்சாமி.

தலைவர் ஆவுடையப்பன் யோசித்தார். "கோயில் உண்டியலுக்கு எத்தனை பூட்டு? ஆளுக்கு ஒரு சாவி. அதே மாதிரி ஆளுக்கு மூணு எழுத்து."

ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பெட்டி திறந்தது.

'உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கவும்' என்றது தாள். தவசியாண்டி எழுதினார்: 'தவசியாண்டி அவர்களுக்கு, நலமா? இப்படிக்கு, தவசியாண்டி.' அனுப்பினார். வந்தது. படித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னண்ணே?"

"வீட்ல எல்லாரும் எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க."

"அவசரத்துல எழுதியிருப்பாரு. விடுங்க" என்றார் தலைவர்.

தவசியாண்டி விடவில்லை. அந்தக் கடிதத்துக்குக் கடைசி வரை பதில் போடவில்லை.

ஆலைக்கு மட்டும் விண்ணப்பம் போட்டார். ஆலையும் பதில் எழுதியது: 'உங்கள் சங்கத்துக்கே முதலிடம். திங்கட்கிழமை இதே முகவரிக்கு ஆர்டர் வரும். வராவிட்டால் அடுத்த சங்கத்துக்குப் போகும்.' தவசியாண்டி தாடியைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை அந்த வாடகைக் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது: 'உங்கள் வாடகைக் காலம் நாளையோடு முடிகிறது.'

நாலு பேரும் அதை இரண்டு தரம் படித்தார்கள். சாம்பார் காய்ந்த அண்டாவை நாள் கழித்துக் கொண்டுவருகிற கல்யாண வீட்டாரை முப்பது வருஷமாகத் திட்டியவர்கள் அவர்கள்.

"நம்மளையா கேக்க வச்சான்?" என்றார் பிச்சைமணி.

"கேட்டுட்டான்ல. கழுவி, துடைச்சு, இன்னைக்கே குடுத்துருவோம்" என்றார் தவசியாண்டி.

'முழுவதும் அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார்கள். 'உறுதியா?' என்று கேட்டது. "நம்பிக்கை இல்லாத பய" என்று சொல்லி மறுபடியும் அமுக்கினார்கள். பருக்கை ஒட்டாமல் சுத்தமானது. பாஸ்வேர்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாதே.

திங்கட்கிழமை நாலு பேரும் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சீனிவேல் பைக்கில் வந்து இறங்கினான்.

"மாமா, ஆலைக்காரங்க உங்களுக்குப் போட்ட மெயில் திரும்பி வந்துருச்சாம். ஆர்டரை எங்களுக்குத் தந்துட்டாங்க. எங்ககிட்ட ஆயிரம் சேர்தான் இருக்கு. நீங்க ரெண்டாயிரம் தரணும்."

"அப்ப, எங்கிட்ட வந்துதான் நிக்கிற."

"நிக்கிறேன் மாமா."

"வாயால கேட்டாத் தர முடியாது. சொந்த மெயில்தான் இருக்கே, அதுல கேளு."

சீனிவேல் அங்கேயே நின்று போனிலிருந்து அனுப்பினான். நாலு பேரும் அவரவர் மூன்று எழுத்தின் வரிசைப்படி திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

"திரும்பி வந்துருச்சு மாமா."

"இன்னொரு தரம் அனுப்பு."

"அதுவும் திரும்பிருச்சு."

தவசியாண்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மற்ற மூவரையும் பார்த்தார்.

"இத்தனை நாள் பெருமை பேசினான். ஒரு மெயில் அனுப்பத் தெரியலை பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, சவரக்காரருக்கு ஆள் அனுப்பினார்.