மூன்றாவது டிஸ்க்

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் ஒரு வகுப்பு நடத்திவந்தாள். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துச் சேர்த்து வீட்டுக்கு உபயோகமாக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. அங்கே படிக்க வந்தவர்களில் எல்லாருக்கும் மூத்தவர் நெல்லையப்பன். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், டீச்சருக்கு அப்பா வயசு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க என்ன வெட்கம் என்பார்.

அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன ஐப்பசியில் அவர் மனைவி ஆவுடை இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய போன், வாங்கிய நாளிலிருந்து பேசிய பேச்சையெல்லாம் தானாகவே பதிந்து வைத்திருந்தது.

"எங்கன இருக்கீய?"

"வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

"மழை வருது. டிப்போவுலயே நில்லுங்க, நனையாதீய."

அவ்வளவுதான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஆவுடை இருந்தாள். மனுஷன் சோறு இறங்காத நாளில் அதைப் போட்டுக் கேட்பார். கேட்டால் இரண்டு வாய் இறங்கும்.

போன் பழுதாகும் முன்னே எல்லாவற்றையும் வீட்டிலிருந்த கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார். இப்போது பார்த்தால் அதெல்லாம் பதிந்திருந்த டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டது. அப்படிச் சத்தம் போட்டால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடிவந்தார்.

டீச்சர் முதல் காரியமாக அதிலிருந்ததை தற்காலிகமாக இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றினாள். மாற்றி முடித்த பிறகுதான் ஏறிட்டுப் பார்த்தாள்.

"சாகாத டிஸ்க் எது டீச்சர்?" என்று கேட்டார் நெல்லையப்பன். "அதைச் சொல்லுங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டியாவது வாங்கிருதேன்."

"அதை விக்கிற கடை இன்னும் திறக்கல அண்ணாச்சி."

"அப்ப என்ன செய்ய?"

"சாகுற டிஸ்க்கை வச்சே ஒரு பெட்டி கட்டுவோம். வீட்டுல ஒரு மூலையில ஓடிக்கிட்டு இருக்கும். போன்ல இருந்தும் கேக்கலாம், டிவியில இருந்தும் கேக்கலாம். போய்ச் சாமான் வாங்கிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு.

"என்ன அண்ணாச்சி, கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் செட்டா?"

"நல்லா இருக்குன்னு எடுத்தேன் டீச்சர்."

டீச்சர் உள்ளேயிருந்த பவர் சப்ளையை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

"விளக்குக்குக் கொடுத்ததை இதுல மிச்சம் பிடிச்சிருக்கான். கரண்ட் ஒருதடவை ஏறி இறங்குனா இது முதல்ல டிஸ்க்கைத்தான் கொல்லும். திருப்பிக் கொடுங்க. ஆபீஸ்ல ஓடின பழைய பெட்டி கெடைக்கும், கறுப்பா, அசிங்கமா. அதுல ஒண்ணு எடுங்க. கூட ஒரு சின்ன யூபிஎஸ்."

அசிங்கமான பெட்டி வந்தது. யூபிஎஸ் வந்தது. புத்தம் புதிதாக இரண்டு டிஸ்க்கும் வந்தன. ஒன்றில் எழுதினால் மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று அவர் படித்துவைத்திருந்தார். இந்தத் தடவை தப்பே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

டீச்சர் இரண்டையும் திருப்பி லேபிளைப் பார்த்தாள். ஒன்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் டீச்சர்?"

"ரெண்டும் ஒரே நாள்ல பொறந்திருக்கு. ஒரே பெட்டியில வந்திருக்கு. ஒண்ணு போற வாரமே மத்ததும் போகப் பாக்கும். வேற கம்பெனி, வேற கடை."

நெல்லையப்பன் அந்த லேபிளைத் தானும் ஒருதடவை திருப்பிப் பார்த்தார். "சேர்ந்து போறதுக்கும் கொடுப்பினை வேணும் டீச்சர்" என்றார்.

டீச்சர் திருகாணி டப்பாவைத் தேடி எடுத்துக்கொடுத்தாள்.

அடுத்த வாரம் வேறு கம்பெனி டிஸ்க்கும் வந்தது. பெட்டியைக் கட்டி முடித்தபோது வகுப்பில் மற்றவர்கள் கிளம்பிப்போயிருந்தார்கள். பெட்டியிலிருந்து டீச்சருடைய லேப்டாப் வழியாக ஆவுடை பேசினாள். "பூட்டைச் சரியாப் பூட்டினீயளா? ஒருதடவை இழுத்துப் பாத்தீயளா?"

"ஒரு டிஸ்க்கைப் பிடுங்குங்க" என்றாள் டீச்சர்.

"ஐயோ! பேசிக்கிட்டு இருக்காளே!"

"பேசும்போதுதான் பிடுங்கிப் பாக்கணும்."

அவரால் முடியவில்லை. டீச்சரே பிடுங்கினாள். ஆவுடை நிற்காமல் பேசிக்கொண்டே போனாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டோம் டீச்சர்" என்றார்.

டீச்சர் இரண்டாவதையும் பிடுங்கினாள்.

"கேஸ் அடுப்புல பால் வச்சிருக்கேன், நீங்க வந்து..."

அவ்வளவோடு குரல் நின்றது. அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை. ஐப்பசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மாதிரியே நின்றார்.

"உங்க வீட்டுல இடி விழுந்திருக்கு. இல்லைன்னா திருடன் பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டான்" என்றாள் டீச்சர். "இப்ப யார்ட்ட போய்க் கேப்பீங்க?"

டீச்சர் இரண்டு டிஸ்க்கையும் திரும்ப மாட்டினாள்.

"மூணாவதா ஒண்ணு வேணும் அண்ணாச்சி. அது வேற வீட்டுல இருக்கணும்."

மறுவாரம் ஒரு சின்ன டிஸ்க்கோடு வந்தார். எல்லாவற்றையும் அதில் ஏற்றினார்கள்.

"பேங்க் லாக்கர்ல வச்சிரலாமா டீச்சர்?"

"பூட்டி வச்சா உள்ளுக்குள்ளயே செத்துப்போனாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அடிக்கடி போட்டுக் கேக்கிற ஆள் உள்ள வீடா இருக்கணும்."

"கருவேப்பிலையையும் பால் பாத்திரத்தையும் யார் டீச்சர் உக்காந்து கேப்பா?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பேசாமல் இருக்க முடியாது.

"திருப்பூர்ல மக இருக்கா" என்றார் கடைசியில். "உலகம்மை. வாராவாரம் போன் பண்ணுவா. ஒருநாள் கேட்டா, அம்மா குரல் எதுலயாவது இருக்காப்பான்னு. கனவுல வாராளாம், வாய் அசையுதாம், சத்தம் மட்டும் வரலியாம்."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"ஆவுடை எனக்குன்னு பேசினது டீச்சர் அது. எல்லாரும் எடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு? கொடுத்தா கொறஞ்சிருமோன்னு ஒரு பயம். பெத்த மகட்டயே ஒளிச்சிட்டேன்."

டீச்சர் பெட்டியில் இருப்பதை லேப்டாப்பில் திறந்து காட்டினாள். "இப்பத்தான் இந்தச் சின்ன டிஸ்க்குக்கு எல்லாத்தையும் கொடுத்திருக்கோம். உங்களுதுல ஏதாவது கொறஞ்சிருக்கா பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மழை இருந்தது. பால் இருந்தது. பூட்டும் இருந்தது.

"கொறையல" என்றார்.

சின்ன டிஸ்க்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இத்தனை நாள் இல்லன்னு சாதிச்சிட்டேன். இனி எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு மக முன்னால நிக்க? என்னன்னு டீச்சர் பேச்சை ஆரம்பிக்க?"

"நீங்க எதுக்கு அண்ணாச்சி பேசுதீங்க?" என்றாள் ஜெசிந்தா டீச்சர். "டிஸ்க்கைப் போட்டு விட்டுட்டு உக்காந்திருங்க. அவங்க அம்மா பேசிக்கிடுவாங்க."