ஒச்சப்பன் முழித்துக் கிடந்த ஒன்பது ராத்திரி

மேலப்பாறைப்பட்டியில் அம்மன் திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் எந்தக் கடை திறக்கிறதோ இல்லையோ, நாகுசாமியின் சலூன் திறந்துவிடும். காப்புக் கட்டியவன் பத்து நாளைக்குக் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, முகத்தில் கத்தி படக் கூடாது. அதனால் பத்து நாள் தாடியோடு ஊரில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். முறை வர நேரமாகும். நேரமாகிற இடத்தில் ஒச்சப்பன் இருந்துவிட்டால் பொழுது எப்படிப் போகும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒச்சப்பன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போவான், வரும்போது கதை ஏற்றிக்கொண்டு வருவான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். ஒச்சப்பன் நெய்யைக் காட்டி, அதில் பலகாரமும் சுட்டுக் கையில் கொடுத்துவிடுவான்.

ஆனால் அன்றைக்கு அவன் கதையைக் கேட்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். பெஞ்சின் ஓரத்தில் அவன் மச்சான் தெய்வேந்திரன் உட்கார்ந்திருந்தார். ஒச்சப்பனின் மனைவி வனிதாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்து ஊர்ப் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவர். பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கொண்டுவந்தவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார், அதனாலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

விஷயம் இதுதான். காப்புக் கட்டிய நாலாம் நாள் ராத்திரியோடு ராத்திரியாக, ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு வனிதா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று ஒச்சப்பனுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது அவன் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு வந்த அக்கம்பக்கத்தார், 'உனக்கு ஜன்னி கண்டிருச்சுன்னு உன் பொண்டாட்டி கூப்பிட்டுச்சு, வந்தோம்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. கடைசியில் மச்சான்தான் எடுத்தார். "காப்பு அவிழ்க்கட்டும், மறுநா வந்து பேசுறேன். பேசிட்டுத்தான் அனுப்புறதா வேணாமான்னு சொல்லுவேன்" என்றார். சொன்ன நாளில் வந்து, நேரே சலூனுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

காப்புக்கு முந்தி ஆறு நாள் மூக்கு முட்டக் குடித்தவன், காப்புக் கட்டின நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. இதை மச்சானிடம் சொன்னால் போதும், பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒச்சப்பன் நம்பினான். அது உண்மையும்கூட. உண்மையை உள்ளபடி சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை, அதுதான் வந்த வினை.

"கண்ணு ரெண்டும் ஏம்ப்பா இப்படிக் குழிக்குள்ள கிடக்கு?" என்று நாகுசாமி ஆரம்பித்து வைத்தார்.

"ஒம்போது ராத்திரிண்ணே. இமையும் இமையும் ஒட்டல."

"அதுக்கு முந்தி ஆறு நாள் நீ எங்க கிடந்தன்னு ஊருக்கே தெரியும்" என்றார் நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்த தங்கமாயன். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, மச்சான் முன்னாடியே சொல்றேன். பத்து நாளைக்குத் தொடக் கூடாதுன்னா, பத்து நாளுக்கு உள்ளதை முன்னாடியே உள்ள தள்ளி வச்சுக்கணும். நாளைக்குக் குழாய்ல தண்ணி வராதுன்னா இன்னைக்கே தொட்டியை ரொப்பி வைக்கிறோமா இல்லையா?"

இது ஒச்சப்பன் கண்டுபிடித்த ஞானம் இல்லை. காப்புக்கு முந்தின வாரம் ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் தொட்டி ரொப்புகிறவர்கள்தான். மற்றவர்கள் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். ஒச்சப்பன் காலையில் பல் விளக்கின கையோடு ஆரம்பித்து ஆறு நாள் ரொப்பினான்.

"ரெண்டாம் நாளே லாரியில வந்த சரக்குப் பெட்டியைக் கடைக்குள்ள எறக்கல, நேரா என் முன்னாடியே எறக்குனாங்க. ஏழாம் நாள் நான் போகலன்னதும் கடையில இருக்குற ரெண்டு பேரு பதறியடிச்சு என் வீட்டுக்கு வந்துட்டாங்க, கையில மாலையோட."

"தொட்டி ரொம்புச்சா?" என்றார் தங்கமாயன்.

"ரொம்பி வழிஞ்சது. என்னையக் கடிச்ச கொசு ஒண்ணு நேராப் பறக்க முடியாம செவுத்துல மோதி விழுந்துச்சு. சொந்தக்காரக் கொசுவெல்லாம் வந்து திட்டிக்கிட்டே அதைத் தூக்கிட்டுப் போச்சு."

சலூன் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் ஒரு கண்ணை அவர் மேல் வைத்துக்கொண்டு அடுத்த படியில் ஏறினான்.

"காப்புக் கட்டின அன்னைக்குப் படுத்தேன். தூக்கம் வரல. மொட்டை மாடியில போய் நட்சத்திரத்தை எண்ணுனேன். மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. வேற வேலை இல்லாம தெருவுல வந்து உக்காந்தேன். ஊர் நாயெல்லாம் வந்துச்சு. 'அண்ணே, நீங்கதான் முழிச்சிருக்கீங்கள்ல, பாத்துக்கங்க'ன்னு ஒரு பார்வை பாத்துட்டு வரிசையாப் படுத்துத் தூங்கிருச்சு. விடியக்காலம் சேவல் வந்து, நேரமாச்சான்னு என்கிட்டக் கேட்டுட்டுத்தான் கூவுச்சு."

"பத்து நாளும் எங்க வீட்டுச் சேவல் நேரம் தப்பித்தான் கூவுச்சு" என்றார் நாகுசாமி, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"அதெல்லாம் சின்ன விஷயம்ணே. ரெண்டாம் நாள் கை ஆட ஆரம்பிச்சுச்சு. குடிக்கச் சொல்லி வனிதா ஒரு செம்பு தயிரைக் கையில குடுத்தா. வாய்க்கிட்டக் கொண்டு போறதுக்குள்ள வெண்ணெய் திரண்டுருச்சு. தெருப் பொம்பளைங்க பூரா செம்பைத் தூக்கிட்டு வந்து வரிசையில நின்னுட்டாங்க."

மச்சான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஒரு செம்பு தயிருல வெண்ணெய் எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டு செம்பு மச்சான்."

"ஒரு செம்புல ரெண்டு செம்பா?"

"ஆடுன வேகம் அப்படி."

"எங்க சொசைட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாமப் போச்சு. சரி, மேல சொல்லு."

உண்மையில் அன்றைக்குச் செம்பு கை நழுவி விழுந்து தயிர் தரையெல்லாம் ஓடியது. வனிதா அதைத் துடைத்துவிட்டு, தம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து, ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புகட்டினாள். ஒச்சப்பனுக்கு அது நினைவு வந்தது. அதைச் சொல்லியிருந்தால் மச்சான் முகம் கொஞ்சம் இளகியிருக்கும். அவன் வாயோ அதைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்விட்டது.

"நடுக்கத்துல கட்டில் நகர ஆரம்பிச்சுச்சு. வாசப்படியத் தாண்டுச்சு, தெருவைத் தாண்டுச்சு. விடிஞ்சு பாக்குறேன், பைபாஸ் ரோட்டுல படுத்திருக்கேன். பின்னாடி நாலு பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்குது. சரின்னு எறங்கி ஒரு புளிய மரத்துல சாஞ்சேன். மரத்துல இருந்த புளி அத்தனையும் உதிர்ந்துருச்சு. தோப்புக்காரர் ஓடியாந்து, மத்த மரத்துலயும் சாஞ்சு குடுத்துட்டுப் போன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"கோயில்ல ஆடுனியே, அதுவும் இந்த நடுக்கம்தானா?" என்றார் தங்கமாயன் மெதுவாக.

மூன்றாம் நாள் கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டதும் அவன் உடம்பு தலையிலிருந்து கால் வரை உதறியது. வேர்வை ஊற்றியது, கண் சொருகியது. பூசாரி அவன் கையில் வேப்பிலையைத் திணித்தார். பெண்கள் மஞ்சத் தண்ணீரை ஊற்றிக் காலில் விழுந்தார்கள். ஊருக்குச் சாமிக்கும் சரக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் வனிதா மட்டும், இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி வந்தவரை ஆஸ்பத்திரிக்கா என்று அவளைத்தான் வைதார்கள்.

"சாமிதாண்ணே. அதுல சந்தேகமே வேணாம்" என்றான் ஒச்சப்பன்.

"நான் அன்னைக்கு என் மூட்டு வலிக்கு உங்கிட்டத் திருநீறு வாங்கிப் பூசுனேன்."

"போயிருக்குமே."

"இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்குப் போயிருக்கு."

சலூன் மறுபடி சிரித்தது. கதை கையை விட்டுப் போவது ஒச்சப்பனுக்குத் தெரிந்தது. மச்சான் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார், கிளம்பிவிடுவார் போலிருந்தது. இனிச் சின்னதாகச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று ஒரேயடியாக உச்சிக்கு ஏறினான்.

"நாலாம் நாள் ராத்திரி அம்மனே வந்துட்டா மச்சான். உக்காருங்க, கேளுங்க. வாசல்ல நிக்கிறா. 'ஒச்சப்பா, வருசம் பூரா முழிச்சு இந்த ஊரைக் காக்குறேன், கண்ணெல்லாம் எரியுது. ஊர்லயே நீ ஒருத்தன்தான் முழிச்சிருக்க. நான் ஒரு நாழி கண் அசந்துட்டு வர்றேன், ஊரைப் பாத்துக்க'ன்னு சூலத்தைக் கையில குடுத்துட்டு எங்க வீட்டுக் கயித்துக் கட்டில்ல படுத்துட்டா. நல்லாக் குறட்டை விட்டா."

"சூலத்தைத் திருப்பிக் குடுத்தியா?" என்றார் நாகுசாமி.

"குடுக்காம? ஆனா அந்த ஒரு நாழிக்குள்ளதான் வந்துச்சு." ஒச்சப்பனின் குரல் மாறியது. விளையாட்டு அதிலிருந்து போய்விட்டது. "பாம்பு. இது புளுகு இல்ல மச்சான். மத்ததுல முன்னப்பின்ன இருக்கலாம், இதை என் கண்ணால பாத்தேன். பிள்ளை தூங்கிக்கிட்டிருக்கா. அவ தலைமாட்டுலயே, கழுத்தை ஒட்டி, கருகருன்னு கிடக்கு. அசையுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. அருவாளை எடுத்தேன், ஒரே வெட்டு. ரெண்டு துண்டு. நான் மட்டும் முழிச்சிருக்கலன்னா எம் பிள்ளையை இன்னைக்கு உசுரோட பாக்க முடியாது. இதை வனிதாகிட்டச் சொல்லுங்க. பிள்ளையைக் காப்பாத்துனவனை விட்டுட்டா போவாங்க?"

மச்சான் திரும்ப உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து, வென்றுவிட்டோம் என்றே ஒச்சப்பன் நினைத்தான்.

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"தலை என் வீட்டுக்குள்ள, வாலு பைபாஸ்ல..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. அவனே நிறுத்திக்கொண்டான். "ரெண்டு முழம் இருக்கும் மச்சான்."

"நுனியில சிவப்பு ரிப்பன் கட்டியிருந்துச்சா?"

கேட்ட கேள்வி ஒச்சப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. நாகுசாமியின் கத்தி தங்கமாயன் கன்னத்தில் பாதியில் நின்றது.

"அது எம் மருமகள் சடை, மாப்பிள்ளை" என்றார் தெய்வேந்திரன். குரலை உயர்த்தவில்லை, சொசைட்டியில் பால் அளவு சொல்கிற அதே குரல். "அருவா காதுக்கும் கழுத்துக்கும் நடுவுல எறங்கியிருக்கு. ரெண்டு விரக்கடை தள்ளி விழுந்திருந்தா நான் இன்னைக்கு உங்கிட்டப் பேச வந்திருக்க மாட்டேன். வெட்டுன சடையைக் கையில வச்சுக்கிட்டு, செத்துருச்சு, செத்துருச்சுன்னு நீ சிரிச்சியாம். எந்தங்கச்சி பிள்ளையை இழுத்துட்டு வெளிய ஓடி, உன்னையத் தூக்கிட்டுப் போக ஆளையும் கூப்பிட்டு விட்டுட்டுத்தான் பஸ் ஏறியிருக்கு. நீ வெட்டுன பாம்பு என்னன்னு ஊர்ல ஒருத்தர்கிட்ட வாய் திறக்கல."

ஒச்சப்பனுக்கு அவன் மேலேயே பயமாக இருந்தது. தரையில் கிடந்த முடியெல்லாம் கண்ணில் பட்டு, காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டான்.

"பிள்ளைக்கு..." என்றான்.

"காயம் இல்ல."

"எப்ப அனுப்புவீங்க மச்சான்?"

தெய்வேந்திரன் நாகுசாமியைப் பார்த்தார். "காதோட வெட்டுன முடி, மறுபடி சடை பின்னுற அளவுக்கு வர எத்தனை மாசம் ஆகும்?"

நாகுசாமி தொழில் தெரிந்தவர், கூட்டியும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. "மாசத்துக்கு அரை இஞ்சுதான். ஒரு வருசம் ஆகும்."

"அப்ப ஒரு வருசம். அதுவரைக்கும் கடைப் பக்கம் கால் வைக்காம இருந்தா அனுப்புறேன். அடுத்த காப்புக்கும் தொட்டி ரொப்புனன்னு கேள்விப்பட்டேன், அதோட விட்டுரு. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காருல்ல, ஒழுங்காப் போய் வாங்கிச் சாப்பிடு. ஒரேயடியாக் குடிச்சுட்டு ஒரேயடியா நிறுத்துனதுலதான் உனக்கு இல்லாத பாம்பு தெரிஞ்சிருக்கு. பத்து நாள் குடிக்காமக் கிடந்தது வீரம் இல்ல."

"எம் மக முடி சீக்கிரம் வளரும் மச்சான். மாசத்துக்கு ஒரு முழம்..." என்று ஒச்சப்பன் தொடங்கினான். பாதியிலேயே அதை விட்டுவிட்டு வேறு கேட்டான். "பிள்ளை என்னையப் பத்தி ஏதாவது சொல்லுதா?"

மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகுது. முடி எங்கடின்னு டீச்சர் கேட்டிருக்காங்க. 'எங்கப்பாவுக்கு மேலுக்குச் சேட்டம் இல்ல, அவர் நல்லாகணும்னு அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன்'னு சொல்லியிருக்கு. டீச்சர் கண்ணுல தண்ணி வந்துருச்சாம்." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "காலையில இருந்து நீ புளுகுனதை இந்தச் சலூன்ல ஒருத்தன் நம்பல, மாப்பிள்ளை. அது சொன்னதைப் பள்ளிக்கூடமே நம்பியிருக்கு."