இரட்டை மைனா சீயக்காய்

கோர்ட்டுக்குப் பின்சந்தில் இருந்தது அந்த மடம். கேஸில் தோற்றவர்கள்தான் பெரும்பாலும் அங்கே ஒதுங்குவார்கள். ஜெயித்தவர்கள் நேரே ஸ்வீட் கடைக்குப் போய்விடுவார்கள். தனுஷ்கோடி ஜெயித்திருந்தார். ஆனாலும் மடத்துக்கு வந்திருந்தார்.

மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அதனால் என்ன, தனுஷ்கோடி பல வருஷமாக அவருக்குச் சீடர். ‘இரட்டை மைனா’ சீயக்காய்த் தூளுக்கு முதலாளி. கடையில் சுழல் நாற்காலி, மடத்தில் மட்டும் கோரைப்பாய்.

சாமி சாப்பிட்டு முடித்து, மிச்சச் சோற்றை முற்றத்தில் பறவைகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்.

“தீர்ப்பு வந்து ரெண்டு மாசம் ஆச்சு சாமி. ‘இரட்டை மைனா’ங்கிற பேரு எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. சிவனாண்டி இனிமே அந்தப் பேரைத் தொடவே கூடாது. நிரந்தரத் தடை.”

“சந்தோஷம்தானே அண்ணாச்சி?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன். ஜெயிச்சவனுக்கு ஏன் சாமி சோறு இறங்க மாட்டேங்குது?”

சாமி இன்னொரு பிடி சோற்றை இறைத்தார்.

“அந்தப் பேரை யாரு வச்சது?” என்று கேட்டார்.

வைத்தது சிவனாண்டி. ஒரே மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக அரவை மிஷின் போட ஷெட் பார்க்கப் போன நாள் அது. தெருமுனையில் ஒற்றை மைனா ஒன்று உட்கார்ந்திருந்தது. சிவனாண்டி அப்படியே நின்றுவிட்டார். ஒத்த மைனாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் அன்றைக்கு அடி நிச்சயம் என்று எல்லாப் பிள்ளைகளும்தான் நம்பும். மீசை முளைத்ததும் விட்டுவிடும். சிவனாண்டி விடவில்லை. “ஜோடி வரட்டும்டா, போவோம்” என்று வெயிலில் நிற்க வைத்துவிட்டார். தனுஷ்கோடி திட்டித் தீர்த்தார். ஒருவழியாக ஜோடி வந்தது. ஷெட்டும் கிடைத்தது. பேரும் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தப் பேரைப் பதிவு பண்ண மதுரையில் ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பின காலையிலும் அதே கூத்துதான். பஸ் ஸ்டாண்டில் ஒற்றை மைனா. பஸ்ஸோ புறப்படத் தயாராக நின்றது.

“நீ போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வா. நீ வேற நான் வேறயாடா?” என்றார் சிவனாண்டி. இப்படி ஒரு காரணத்துக்காக யாராவது தொழில் காரியத்தை விட்டு பஸ்ஸில் ஏறாமல் நிற்பார்களா? அவர் நின்றார்.

தனுஷ்கோடி மட்டும் போனார். ஒரே ஒரு கையெழுத்து விழுந்தது. இருவரும் கூட்டு என்பதற்கு வேறெங்கும் எழுத்து கிடையாது. அப்போது அது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. பிள்ளைகள் தலையெடுத்து, எந்த ஊருக்கு யார் சரக்கு அனுப்புவது என்று வாய்ச்சண்டை வந்து, சிவனாண்டி அதே பேரில் தனியாக மிஷின் போட்ட பிறகு உறைத்தது. முதலில் உறைத்தது தனுஷ்கோடியின் வக்கீலுக்கு.

“வக்கீல் என்ன சொன்னாரு?”

“கையெழுத்து உங்களோடது, கவலையை விடுங்கன்னாரு. எதிர்க்கட்சிகிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்கன்னாரு. பேசினா கேஸ் கெட்டுப்போகுமாம்.”

“பேசலையா?”

“ஜட்ஜு எங்களைச் சமரசத்துக்குப் போகச் சொன்னாங்க சாமி. ஒரே மேஜை. எதிர்ல அவன். உக்காந்ததும் ‘சாப்பிட்டியாடா’ன்னு கேட்டான்.”

“நீங்க?”

“வக்கீல் என் கையைப் புடிச்சாரு. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

சாமி கை நிறையச் சோற்றை அள்ளி இன்னும் கொஞ்சம் தள்ளி இறைத்தார். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின.

“கூண்டுல ஏறி என்ன சொன்னீங்க?”

தனுஷ்கோடி பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“சிவனாண்டி உங்களுக்கு யாருன்னு கேட்டாங்க.”

“ம்.”

“‘அவரு எங்கிட்ட சம்பளத்துக்கு இருந்தவரு’ன்னு சொன்னேன்.” “அதுவரைக்கும் அவனை நான் ‘அவரு’ன்னு சொன்னதே இல்ல சாமி. கீழே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லலை. அப்பீலுக்கும் போகலை.”

“அப்புறம் பாக்கவே இல்லையா?”

“போன வாரம் போனேன். மனசு கேக்கலை. பேரை ரெண்டு பேருமே வச்சுக்குவோம்டா, கூண்டுல சொன்னதை மறந்துருடான்னு சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்தான். ‘வாங்க’ன்னான்.”

“நல்லபடியாத்தானே கூப்பிட்டிருக்காரு?”

“அம்பது வருஷமா ‘வாடா’ சாமி!” தனுஷ்கோடி கத்தியேவிட்டார். குருவிகள் சட்டென்று எழும்பிப் பறந்தன. “எங்க கல்யாணத்துல ‘வாடா’, எங்கப்பா செத்த வீட்டுல ‘வாடா’. இப்ப ‘வாங்க, உக்காருங்க’ன்னான். ‘காபி சாப்பிடுறீங்களா’ன்னான். நான் என்னத்தைச் சொல்ல? வந்த விஷயத்தைச் சொல்லிப் பாத்தேன். ‘அதெல்லாம் எதுக்குங்க, நான் மிஷினை வித்துட்டேங்க’ன்னான். கோபமே இல்ல. நாலு வார்த்தை ஏசியிருந்தான்னா காலைப் பிடிச்சிருப்பேன். வாசல் வரைக்கும் வந்து, ‘பாத்துப் போங்க’ன்னுட்டுக் கதவைச் சாத்திட்டான்.”

பெரிய மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்தவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“இதுக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி. வக்கீல்கிட்ட கேட்டேன். ஜெயிச்ச கேஸுக்கு மேல்முறையீடு கிடையாதுன்னு சிரிக்காரு.”

அவர் தண்ணீரைக் குடிக்கும்வரை சாமி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வெயில் தாந்திருச்சு அண்ணாச்சி. கடைக்குக் கிளம்பலையா?” என்றார்.

தனுஷ்கோடி எழுந்தார். இங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, முற்றத்தில் இறங்கப் போனவர் படியிலேயே நின்றுவிட்டார்.

குருவிகள் விட்டுப் போன சோற்றில் மைனா ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மதிலைப் பார்த்தார். வேப்பங்கிளையைப் பார்த்தார். வேறு மைனா இல்லை.

இந்த மைனாப் பைத்தியத்துக்காக சிவனாண்டியை அவர் வாழ்நாளெல்லாம் கேலி செய்திருக்கிறார். கல்யாணப் பந்தியில்கூட நாலு பேர் சிரிக்கச் சொல்லிக் காட்டியிருக்கிறார். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஒத்த மைனா சாமி.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “ஜோடி வரட்டும். போறேன்.”

சாமி உள்ளங்கையில் ஒட்டியிருந்த பருக்கைகளை உதறினார்.

“வரக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி தடை வாங்கியிருக்கீங்க?”